வெறும் மண்ணுக்கு ஊற்றிய தண்ணீர்

பங்குனி பிறந்து வேப்பமரங்கள் பூ உதிர்க்கத் தொடங்கிய வாரத்தில், மைனாவதி தன் வீட்டுக்குப் பின்னால் மண்ணைக் கொத்திப் பொலபொலவென்று ஆக்கி, அடுப்புச் சாம்பலும் காய்ந்த சாணித் தூளும் கலந்து போட்டு, போன வருஷம் முற்றவிட்டு எடுத்து வைத்திருந்த வெண்டை விதையை ஊன்றினாள். அது மதிலுக்கு அந்தப் பக்கம், அவளோடு பேச்சுவார்த்தை இல்லாத சாந்தாமணி வீட்டில் முளைத்தது.

வீட்டுக்குப் பின்னால் பாத்திரம் கழுவி, துணி துவைத்து, நாலு செடி வைத்துக்கொள்கிற இடத்துக்கு எங்கள் பக்கம் பொடக்காளி என்று பேர். எங்கள் தெருவில் வீடுகள் எல்லாம் ஒரே சாரியாக, மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்கி நிற்கின்றன. எதிர்ப்பக்கம் வாய்க்கால். மேட்டில் முதல் வீடு மைனாவதியுடையது, அடுத்தது அவள் புருஷனின் அண்ணன் வீடு, அந்த அண்ணன் பெண்டாட்டிதான் சாந்தாமணி. அந்தப் பங்குனியில் சாந்தாமணி போட்ட கத்தரி அவளுக்கு அடுத்த வீட்டு நாச்சம்மா பொடக்காளியில் வந்தது, நாச்சம்மா போட்ட பீர்க்கு அதற்கும் அடுத்த வீட்டு வேலியில் ஏறியது, இப்படியே ஒவ்வொரு வீட்டு விதையும் ஒரு வீடு தள்ளித் தள்ளிப் போய், கடைசி வீட்டுத் தையல்காரர் துரைராசு ஊன்றிய கொத்தவரை ஊர்ப் பொதுத் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி முளைத்து நின்றது.

எறும்பு தூக்கிக்கொண்டு போயிருக்கும் என்று முதலில் நாச்சம்மா சொன்னாள். எல்லா எறும்பும் ஒரே திசையில் போகுமா என்று துரைராசு கேட்டார். போனால் என்ன என்றாள் அவள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. ஏன் எப்படி என்று யோசித்துக்கொண்டிருக்க யாருக்கும் நேரம் இல்லை, வெயில் ஏற ஆரம்பித்துவிட்டது, செடிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். யார் ஊற்றுவது என்பதுதான் அப்போது பெரிய கேள்வியாக இருந்தது.

தன் வீட்டில் தானாக வந்து நின்ற கத்தரிக்கு நாச்சம்மா ஆசை ஆசையாக ஊற்றினாள். அது தலை தொங்கியே நின்றது. மதிலுக்கு இந்தப் பக்கம் சாந்தாமணி, பழக்க தோஷத்தில், விதை போட்டு ஒன்றும் முளைக்காத தன் மண்ணில் பாத்திரம் கழுவின தண்ணீரைக் கொட்டிவிட்டுப் போனாள். அங்கே நாச்சம்மா வீட்டில் கத்தரி நிமிர்ந்தது. அன்றிலிருந்து எங்களுக்குப் பிடிபட்டது. விதைத்தவள்தான் ஊற்ற வேண்டும், தன் வீட்டு மண்ணிலேயே ஊற்ற வேண்டும், ஊற்றுகிற இடத்தில் ஒன்றும் இருக்காது.

சித்திரை பிறந்தபோது தெருவில் எல்லா வீட்டுப் பெண்களும் காலையிலும் சாயங்காலமும் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வெறும் மண்ணுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். பாத்தி கட்டி, களை பிடுங்கி, இல்லாத செடியின் தூருக்கு மண் அணைத்து, இல்லாத இலையில் பூச்சி இருக்கும் என்று சாம்பல் தூவி, இருக்கிற செடிக்குச் செய்வதை எல்லாம் ஒன்று விடாமல் செய்தார்கள். குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து கொடுக்க வந்த நர்சம்மா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டு, "ஏங்க, வெறும் மண்ணுக்கு எதுக்குங்க ஊத்தறீங்க?" என்று கேட்டார். "பக்கத்து வூட்டுக்குங்க" என்றாள் நாச்சம்மா. நர்சம்மா தலையை ஆட்டிவிட்டு அடுத்த குழந்தையின் வாயைத் திறந்தார்.

எங்கள் தெருவில் தண்ணீரைச் சும்மா விடுகிற வழக்கம் கிடையாது. அரிசி களைந்த முதல் தண்ணீர் மாட்டுக்கு, இரண்டாவது தண்ணீர் பருப்பு வேக, மூன்றாவது தண்ணீர் செடிக்கு. குழந்தையைக் குளிக்க வைத்த தண்ணீர் வாழைக்கு, கொள்ளு வேகவைத்த தண்ணீரில் ரசம் வைத்தது போக அடியில் நிற்கிற கசண்டு பந்தலுக்கு. இத்தனை நாளும் அவளவள் மிச்சம் பிடித்தது அவளவள் வீட்டுக்கே காயாக வந்தது. இப்போது ஒருத்தி மிச்சம் பிடித்தால் இன்னொருத்தி வீட்டில் காய்த்தது. ஒரு வீட்டுச் சமையல்கட்டில் என்ன நடக்கிறது என்பது அடுத்த வீட்டுக் கொடியைப் பார்த்தால் தெரிந்துவிடும். மதிலுக்கு மதில் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"ஏனுங்க்கா, சோப்புத் தண்ணியவா ஊத்துனீங்க, அவரை மஞ்சப் பூத்துக் கிடக்குது!"

"எங்கூட்ல கொள்ளு வெச்சு ஒரு மாசமாச்சு. கொள்ளு வாங்கிக் குடு, ஊத்தறேன்."

"வாங்கித் தந்தா ரசத்தையும் நீங்களே குடிச்சுப்போடுவீங்க."

கண்டும் காணாமல் இருந்தவர்கள்கூட மேல் வீட்டுக்காரியைப் பார்த்தால் நின்று நலம் விசாரித்தார்கள். வருஷப் பிறப்பன்று பாயசம் முதலில் மேல் வீட்டுக்குப் போனது. பழைய வரப்புத் தகராறு ஒன்றை மனசில் வைத்துக்கொண்டு ஒரு வீட்டார் அடுத்த வீட்டுக்கு வெறும் பாகலாகப் போட்டார்கள். அவர்கள் அதை வெல்லம் போட்டு வதக்கி, போட்டவர்களுக்கே ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பினார்கள், தகராறு அந்தக் கிண்ணத்தோடு போயிற்று. துரைராசின் கொத்தவரையை ஊர் ஆடுகள் மேய்ந்துவிட்டன. அவர் மறுபடி மிளகாய் போட்டார். ஆடுகள் ஒரு வாய் தின்று பார்த்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பவில்லை. அவர் தெருவிலேயே கெட்டிக்காரர் என்று பேர் வாங்கினார்.

முதல் வீட்டைப் பற்றி யாரும் கொஞ்ச நாள் யோசிக்கவே இல்லை.

மைனாவதி வீட்டுக்கு மேலே வீடு கிடையாது. ஒரு மாட்டுக் கொட்டகை இருந்தது, அதற்கப்புறம் பனைமரங்கள். அவளுக்கு யாரும் விதைக்கவில்லை, யாரும் ஊற்றவில்லை, அவளுடைய பொடக்காளி பெருக்கிவிட்ட களம் மாதிரி வெறிச்சென்று கிடந்தது. ஏற்கெனவே நின்ற முருங்கையும் கறிவேப்பிலையும் பாகம் பிரித்தபோது மதிலுக்கு அந்தப் பக்கம் போய்விட்டன. அவள் புருஷன் யுவராஜ் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான், நாலு பேரோடு ஒரு அறையில் படுத்துக்கொண்டு. அவன் அனுப்புவது அரிசி, பருப்பு, எண்ணெய், குழந்தைக்குப் பால் இதற்குச் சரியாக இருக்கும். குழம்புக்கும் பொரியலுக்கும் அவள் இதுவரை கடைக்குப் போனதே இல்லை. பீர்க்கங்காயின் தோலில் துவையல் அரைப்பாள், கத்தரிக்காம்பைக்கூடக் குழம்பில் போடுவாள், காய்த்து மிஞ்சியதை மோரில் ஊறப்போட்டு வற்றலாக்கி மழைக்காலம் வரை கொண்டுபோவாள். அந்த மண் இருந்ததால்தான் அந்த வீட்டில் அவள் இருக்க முடிந்தது. அந்தச் சித்திரையில் முதலில் வற்றல் தீர்ந்தது, அப்புறம் பருப்பை மெலிதாக்கினாள், அப்புறம் புளித்தண்ணீரும் சோறுமாக நாள் போனது. குழந்தைக்கு அப்போதுதான் சோறு பிசைந்து ஊட்டத் தொடங்கியிருந்தாள். கீரை, காய் எல்லாம் மசித்துக் கொடுக்கணும் என்று நர்சம்மா சொன்னபோது சரிங்க என்று தலையாட்டினாள்.

"கேட்டாக் குடுக்க மாட்டமா?" என்று தெருவில் எல்லாரும் சொன்னார்கள். பொய் இல்லை, கேட்டால் கொடுத்திருப்பார்கள். ஆனால் அவள் கேட்கிறவள் இல்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் வாயிலிருந்து இன்னது வேணும் என்று ஒரு சொல் யாரும் கேட்டதில்லை. "பேரப் பாத்தா மைனா, சத்தத்தக் காணோம்" என்று நாச்சம்மா கேலி பண்ணுவாள், அதற்கும் சிரித்துவிட்டு உள்ளே போய்விடுவாள். அண்ணன் தம்பி பாகம் பிரித்த அன்று பாத்திரம் பண்டமெல்லாம் பங்கு வைத்து முடித்து, ஊறுகாய் ஜாடி ஒன்று நடுவில் மிஞ்சி நின்றது. சாந்தாமணி எல்லார் முன்னாலும், "வேணும்னா வாயத் தொறந்து கேக்கட்டும், குடுத்தர்றேன்" என்றாள். மைனாவதி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஜாடி சாந்தாமணி வீட்டுக்குப் போனது. அன்றோடு இரண்டு பேருக்கும் பேச்சு நின்றது.

இத்தனைக்கும் மைனாவதி ஒரு நாள்கூட ஊற்றாமல் இருந்ததில்லை. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, அரிசி களைந்த தண்ணீரையும் குழந்தையைக் குளிப்பாட்டிய தண்ணீரையும் அந்த வெறும் மண்ணில் சுற்றிச் சுற்றி ஊற்றுவாள். சண்டைக்காரி வீட்டுச் செடிக்கு எதற்கு ஊற்றுகிறாள் என்று சிலருக்கு ஆச்சரியம். நல்ல தண்ணீரைச் சாக்கடையில் விட அவளுக்கு மனசு வராமல் இருந்திருக்கலாம். அவள் ஊற்றியதில் தெருவிலேயே சாந்தாமணி வீட்டு வெண்டைதான் தளதளவென்று வந்தது. சாந்தாமணி பறித்தாள், பொரித்தாள், சாப்பிட்டாள், ஒளித்து மறைத்தெல்லாம் செய்யவில்லை. நாலு காயை மதிலுக்கு மேலே வைக்கவும் இல்லை. அவள் கேட்கட்டும் என்று இருந்தாள்.

இந்த நேரத்தில் நடுத்தெருவில் ரேணுகாவுக்கும் அவள் மாமியாருக்கும் எண்ணெய் விஷயமாகச் சண்டை வந்து, ரேணுகா முன்னறையில் தனியாக அடுப்பு வைத்துக்கொண்டாள். எங்கள் பக்கம் அடுப்புப் பிரிந்தால் குடும்பம் பிரிந்தது என்று அர்த்தம், சுவர் எழுப்புவதும் பத்திரம் எழுதுவதும் அப்புறம்தான். அடுத்த வாரமே மாமியார் போட்ட பூசணி அதே பொடக்காளியில், நடுவில் ஒரு கயிறுகூட இல்லாமல், ரேணுகா துணி காயப்போடுகிற பாதியில் வந்து முளைத்தது. ரேணுகா போட்டது அடுத்த வீட்டுக்குப் போனது. அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது, அது கதவைக் கணக்கில் வைக்கவில்லை, அடுப்பை வைத்திருக்கிறது. நாச்சம்மா உடனே சாமான் அறையில் ஒரு கேஸ் அடுப்பை வைத்து டீ போட்டுப் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. டீ எல்லாம் சேராது, உலை வைத்துச் சோறு வடிக்க வேண்டும் என்று துரைராசு சொன்னார். அதுதான் சரியாகவும் இருந்தது.

சித்திரை முடிகிற சமயத்தில் யுவராஜ் போன் பண்ணினான். தனியாக ஒரு அறை கிடைக்கும் போல இருக்கிறது, மூணாவது மாடி, வீட்டைப் பூட்டிக்கொண்டு வந்துவிடு என்றான். மைனாவதி சரிங்க என்றாள். அவளுக்கு அந்த வீட்டை விட்டுப் போக இஷ்டம் இல்லை, அது அவர்களுக்குப் பாகத்தில் வந்த ஒரே சொத்து, பூட்டின வீடு இரண்டு மழைக்குத் தாங்காது என்று அவளுக்குத் தெரியும். ஆனால் புளித்தண்ணீரை எத்தனை நாள் குழந்தைக்கு ஊட்டுவது. சந்தையில் ஒரு பூட்டு வாங்கி வந்து முன்கதவு ஆணியில் மாட்டி வைத்தாள். அதைப் பார்த்துவிட்டு நாச்சம்மா நேரே சாந்தாமணி வீட்டுக்குப் போனாள்.

"உன்ற கொழுந்தன் பொண்டாட்டி பூட்டு வாங்கிட்டா. நல்ல திண்டுக்கல் பூட்டு."

"வாங்கட்டும். திருட்டுப் பயம் இருக்குதில்ல."

"திருப்பூர் போறாளாம்மிணி. அங்க அடுப்பு அணைஞ்சுதுன்னா இந்தத் தெருவுக்கு முதல் வீடு நீதான்."

சாந்தாமணி முறத்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கை நின்றது, மறுபடி ஓடியது.

"ஒரு எட்டுப் போயி, இரும்மிணின்னு ஒரு வார்த்தை சொல்லு."

"நான் எதுக்குச் சொல்லோணும்? அவ ஒரு நாளு வாயத் தொறந்து கேட்டாளா? என்ற வூட்ல எல்லாம் இருக்குது."

"அவ ஊத்தற வரைக்கும் இருக்கும்" என்று சொல்லிவிட்டு நாச்சம்மா முறத்திலிருந்து ஒரு பிடி நிலக்கடலையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

மறுநாள் விடிந்ததும் சாந்தாமணி பால் கறக்கப் போனாள். மைனாவதி வீட்டைத் தாண்டித்தான் அந்தக் கொட்டகைக்குப் போக வேண்டும், கொட்டகை அண்ணன் பங்கு. தினமும் தூக்குப்போசி மட்டும் எடுத்துப் போகிறவள், அன்றைக்கு இடுப்பில் சோற்றுப் பானை, தலையில் விறகுக் கட்டு, கையில் ஒரு பை நிறைய அரிசியும் விதையுமாகப் போனாள். கொட்டகை ஓரத்தில் மூன்று கல்லைக் கூட்டி உலை வைத்தாள். கொட்டகைக்குப் பின்னால், வருஷக்கணக்காகச் சாணி விழுந்து கறுத்துக் கிடந்த மண்ணைக் கொத்தித் தண்டங்கீரை விதையைத் தூவினாள். சாப்பிட வந்த புருஷன் வீட்டில் குழம்பு மட்டும் இருப்பதைப் பார்த்து, சோறு எங்கே என்றான். "கொட்டாயில" என்றாள். ஏன் என்று கேட்டதற்கு, "மாட்டுக்குக் கஞ்சி வேணும், தினம் யாரு தூக்கறது, அங்கயே வடிச்சாப் பக்கம்" என்றாள். தெருவில் கேட்டவர்களுக்கும் அதையே சொன்னாள். எல்லாரும் ஆமாம் ஆமாம் என்று கேட்டுக்கொண்டார்கள்.

அப்படியானால் அவளுடைய பழைய வீடு கணக்கில் உண்டா இல்லையா என்று துரைராசு கடையில் பெரிய விவாதம் நடந்தது. குழம்பு அடுப்பு அடுப்பா, சோற்று அடுப்புத்தான் அடுப்பா? ராத்திரிச் சோற்றை வீட்டில் வடித்துக்கொண்டால் இரண்டும் கணக்கில் வரும் என்று அவர் ஜாக்கெட்டுக்குக் கொக்கி தைத்துக்கொண்டே தீர்ப்புச் சொன்னார். சாந்தாமணி அப்படியே செய்தாள். மைனாவதி ஊற்றிய வெண்டை அங்கே வாடவில்லை.

மைனாவதி துணிமணியைப் பையில் வைத்துக் கட்டி, காலை பஸ்ஸுக்குக் கிளம்புகிற அன்று, கழுவிக் கவிழ்த்த பாத்திரத்தின் கடைசித் தண்ணீரை எடுத்துக்கொண்டு பின்னால் போனாள். மண்ணில் சிவப்பு நூல் நூலாகக் கீரை முளைத்திருந்தது. அவள் பாத்திரத்தைப் பிடித்தபடி நின்றாள். வளைவில் பஸ் ஹாரன் அடித்தது, நின்றது, போனது. அப்புறம் யுவராஜுக்குப் போன் பண்ணினாள்.

"இந்த வாரம் வரலீங்க."

"ஏன், குழந்தைக்கு மேலுக்குச் சொகமில்லையா?"

"கீரை முளைச்சிருக்குதுங்க."

அவன் அந்தத் தெருவில் பிறந்தவன், நடந்ததை எல்லாம் போனில் கேட்டு வைத்திருந்தவன். "யாருது?"

"அக்காவுது."

"நீ கேட்டியா?"

"இல்லீங்க."

"பின்ன?"

"அவுங்களாப் போட்டதுங்க" என்றாள். சரி, கீரை வந்தால் இரு, இல்லாவிட்டால் வந்துவிடு என்று சொல்லி வைத்துவிட்டான்.

கீரை வந்தது. தினமும் கொட்டகையில் சோறு வடித்து ஆறவைத்த கஞ்சித் தண்ணீரையும், மாட்டைக் கழுவின தண்ணீரையும் சாந்தாமணி தன் பக்கத்து வெறும் மண்ணில் ஊற்றினாள். இந்தப் பக்கம் ஒரு விரல் உயரம் ஏறியது. இன்னும் கொஞ்ச நாளில் கிள்ளலாம் என்கிற அளவில் வந்தபோது, அக்னி நட்சத்திர வெயில் மண்ணைப் பிளந்துகொண்டிருந்தபோது, சாந்தாமணி ஊற்றுவதை நிறுத்தினாள். கொட்டகையில்தான் இருந்தாள், உலை வைத்தாள், வடித்தாள், கஞ்சியை மாட்டுக்கு வைத்தாள். பின்பக்கம் மட்டும் போகவில்லை. ஏன் என்று நாச்சம்மா கேட்டதற்கு, "அவ கீரை வாடுதா வதங்குதான்னு எனக்கு என்ன தெரியும், நானென்ன எட்டியா பாக்க முடியும்?" என்றாள்.

மைனாவதி முதல் நாள் பொறுத்தாள். இரண்டாம் நாள் கீரை நுனி மடங்கியது. ஊற்றினால் பிரயோசனமில்லை என்று தெரிந்தும் தன் குடத்தை எடுத்து ஊற்றினாள், தண்ணீர் கீரையின் காலடியில் ஓடிப் போயிற்று, கீரைக்கு அது தெரியவில்லை. மத்தியானத்துக்கெல்லாம் பாத்தி முழுவதும் படுத்துவிட்டது. முன்கதவுக்குப் பக்கத்தில் கட்டின பை இன்னும் அவிழ்க்காமல் இருந்தது. தெருவில் அன்றைக்கு மதிலுக்கு மேலே ஒரு சத்தமும் இல்லை. நாச்சம்மா துவைத்த துணியையே மறுபடி துவைத்துக்கொண்டிருந்தாள், துரைராசின் மிஷின் நின்றிருந்தது.

மைனாவதி குழந்தையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு கொட்டகைப் பக்கத்து வேலியோரம் போய் நின்றாள். வேலிக்கு அந்தப் பக்கம் சாந்தாமணி முதுகைக் காட்டிக்கொண்டு பானையைச் சாய்த்து வடித்துக்கொண்டிருந்தாள், ஆவி மேலே போனது. மைனாவதி வாயைத் திறந்தாள், காற்றுத்தான் வந்தது. குழந்தை அவள் உதட்டைப் பிடித்து இழுத்தது. அவள் அதன் கையை எடுத்துவிட்டுத் தொண்டையைச் செருமினாள்.

"ஏனுங்க்கா."

சாந்தாமணி திரும்பவில்லை.

"ஏனுங்க்கா, தண்ணி ஊத்துலீங்களா? கீரை வாடுது. எனக்குக் கீரை வேணுங்க்கா, புள்ளைக்கு."

அவள் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. நடுத்தெரு வரைக்கும் கேட்டது.

"இப்பத்தான் வாய் முளைச்சுதா உனக்கு?" என்றாள் சாந்தாமணி, பானையை நிமிர்த்தி வைத்தபடி. "இரு, கஞ்சி ஆறட்டும். சூடா ஊத்துனா வெந்து போயிராதா."

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, காலையில் வடித்து ஆறின கஞ்சியைத் தண்ணீர் கலந்து எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். வெறும் மண்ணில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. மைனாவதி வேலியை விட்டு நகராமல் தன் பாத்தியைத் திரும்பிப் பார்த்தாள்.

"அடியில ஊத்துங்க்கா, தலை மேல ஊத்தாதீங்க, சின்னக் கீரை" என்றாள். "கெழக்கால ஓரத்துக்கு இன்னும் வருல. அடுப்புச் சாம்பல் இருந்தா அதையும் ரெண்டு கை போடுங்க. அப்பறம் நாளைக்குக் காலைல, வெயில் ஏறுங்காட்டி, மறந்தராதீங்க்கா."